சி.இ.ஓ. விலகுகிறார், பங்கை விற்றுவிடலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் வசிக்கிறேன், வயது 57. நஷ்டத்தில் தத்தளித்த ஒரு வாகன உதிரிபாக கம்பெனியில் நாலு வருஷம் முன்பு 2 லட்சம் போட்டேன். புதிதாக வந்த சி.இ.ஓ. அதைத் தூக்கி நிறுத்தினார். இன்று என் பங்குகளின் மதிப்பு 9 லட்சம். அவர் அடுத்த மாதம் விலகுகிறாராம். மொத்தத்தையும் விற்றுவிடவா? இதையும் சேர்த்து என் சேமிப்பு 40 லட்சம். இரண்டு வருஷத்தில் மகள் கல்யாணம்.

பதில்: அவர் ஒருவரே தூக்கி நிறுத்தினாரா? அதைப் பார்த்துவிட்டால் உங்கள் பயம் பாதி தெளிந்துவிடும்.

நமக்கெல்லாம் தெரிந்த இந்தியன் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களில் பெரிய நஷ்டம். 1999இல் ரிசர்வ் வங்கி அமைத்த வர்மா குழு பலவீனமானவை என்று சொன்ன மூன்று அரசு வங்கிகளில் இதுவும் ஒன்று. 2000இல் ரஞ்சனா குமார் தலைவராக வந்தார். 2001-02இல் வங்கி லாபத்துக்குத் திரும்பியது. வாராக்கடன் வசூலை முடுக்கியது, நஷ்டக் கிளைகளை இணைத்தது எல்லாம் அவர் காலத்து வேலை. ஆனால் மத்திய அரசும் மூலதனம் கொட்டியது. வட்டி விகிதம் இறங்கி, வங்கிகள் கையில் வைத்திருந்த அரசுப் பத்திரங்களின் விலை ஏறியது. அந்த லாபம் மற்ற வங்கிகளுக்கும் கிடைத்தது. வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து சம்பளச் செலவு குறைந்தது. அப்படி ஐம்பது சொச்சம் வயதில் வேலையை விட்டு வந்தவர்கள் மாட்டுங்காவிலும் உண்டு. வங்கி பிழைத்த கதையைச் சொல்கிறவர்கள் அவர்களை மறந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

சரி, அப்படியானால் ரஞ்சனா குமாருக்குப் பெருமை இல்லையா? நிச்சயம் உண்டு. 2003இல் அவர் நபார்டு என்ற விவசாய, கிராம வளர்ச்சி வங்கிக்குப் போனார். வங்கி மறுபடி சரியவில்லை. 2007இல் பங்குச் சந்தைக்கே வந்தது. அவர் போன பிறகும் வங்கி நின்றதைத்தான் நான் அவருக்குப் பெரிய மார்க்காகப் போடுவேன். உங்கள் சி.இ.ஓ. போனதும் கம்பெனி விழுந்துவிடும் என்றால், அவர் அதை இன்னும் நிறுத்தவில்லை என்றுதான் அர்த்தம்.

உங்கள் துறையிலேயே இன்னொரு கதை. டாடா மோட்டார்ஸ் 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை வாங்கிய கையோடு உலக நெருக்கடி வந்து தடுமாறியது. 2010இல் ரால்ஃப் ஸ்பெத் சி.இ.ஓ. ஆனார், 2011இல் வந்த எவோக் கார் நன்றாக விற்றது. ஆனால் அந்தக் காரின் மாதிரி 2008 ஜனவரியில், ஃபோர்டு கையில் கம்பெனி இருந்தபோதே, டெட்ராய்ட் கண்காட்சிக்கு வந்துவிட்டது. முந்தையவர் நட்ட மரத்தில் பிந்தையவர் காய் பறிப்பது தொழிலில் சகஜம்.

உங்கள் கம்பெனியின் ஐந்து வருஷ ஆண்டறிக்கையை எடுங்கள். கடன் குறைந்திருந்தால், தொழிலில் வந்த பணத்தில் அடைத்தார்களா, புதுப் பங்கு வெளியிட்டு அடைத்தார்களா என்று பாருங்கள். அப்புறம், போட்டிக் கம்பெனிகளின் பங்கு விலையை இதே நாலு வருஷத்துக்குப் பாருங்கள். கொரோனாவில் படுத்த வாகன விற்பனை பிறகு எழுந்துகொண்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். அவையும் நாலு மடங்கு ஆகியிருந்தால் உங்கள் சி.இ.ஓ.வின் பங்களிப்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. நிதிப் பொறுப்பைப் பார்க்கும் சி.எஃப்.ஓ.வோ ஆடிட்டரோ அவரோடு சேர்ந்து விலகினால் மட்டும் கொஞ்சமும் தயங்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

ஆனால் அவர் இருந்தாலும் போனாலும், கல்யாணத்தை வைத்துக்கொண்டு சேமிப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே பங்கில் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாதியை விற்றுவிடுங்கள். ஒரே தடவையில் விற்றால் லாபம் 3.5 லட்சம், 1.25 லட்சம் விலக்கு போக, 12.5 சதவீதத்தில் 28,125 ரூபாய் வரி. அதையே மார்ச்சுக்குள் ஒரு பகுதி, ஏப்ரலில் ஒரு பகுதி என்று சமமாகப் பிரித்தால் விலக்கு இரண்டு நிதியாண்டுக்கும் கிடைக்கும். வரி மொத்தம் 12,500தான். வரியின் மேல் போடும் செஸ் தனி. வேறு பங்கு லாபம் இல்லையென்றால்தான் இந்தக் கணக்கு. வரும் பணம் கல்யாணத் தேதிக்கு முன்னால் முதிர்கிற வங்கி டெபாசிட்டுக்குப் போகட்டும். மீதிப் பாதியை, புதியவர் வந்து இரண்டு காலாண்டு முடிவுகள் வரும்வரை தொட வேண்டாம்.