ஆடிப்பட்டம் தேடி விதை: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: இந்தப் பழமொழியை ஔவையார் சொன்னதாக வாட்ஸ்அப்பில் வந்ததே, சரியா?

ஔவை ஆத்திசூடியில் சொன்னது "பருவத்தே பயிர் செய்". "ஆடிப்பட்டம் தேடி விதை" உழவர்கள் வாய்வழி வந்தது, எழுதியவர் என்று யாரும் இல்லை. பட்டம் என்றால் விதைக்கும் பருவம்.

கேள்வி: ஏன் குறிப்பாக ஆடி? அப்போது எங்கள் ஊரில் காற்றுதான் அடிக்கும், மழையே இருக்காது.

இதுதான் சரியான கேள்வி. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டுகிறது, அந்த அடைமழை வரும்போது பயிர் சின்ன நாற்றாக இருந்தால் அழுகிப் போகும், அதனால் ஆடியில் கிடைக்கிற கொஞ்ச மழையிலேயே விதையைப் போட்டு வேரை ஊன்ற விட்டுவிட்டால் ஐப்பசி மழையைத் தாங்கும். அவரை, துவரை, சோளம் எல்லாம் இந்தக் கணக்குதான். கொடி அவரைக்கு இன்னொரு காரணமும் உண்டு, பகல் பொழுது குறையும்போதுதான் அது பூக்கும், ஆடியில் போட்டால் கொடி நன்றாகப் படர்ந்த பிறகு மார்கழி தையில் காய்த்துத் தள்ளும்.

கேள்வி: கோவில்பட்டிப் பக்கம் கரிசல் மானாவாரி. எங்க தாத்தா ஆடியில் விதைத்ததே இல்லையே?

தாத்தா விவரமானவர். ஆடியில் மழை தருகிற தென்மேற்குப் பருவமழை உங்கள் பக்கம் அவ்வளவாக வந்து சேராது, அங்கே புரட்டாசிப் பட்டம்தான். நம் ஆட்கள் இந்தப் பழமொழியை எல்லா மண்ணுக்கும் பொதுவாக ஓட்டுகிறார்கள், எனக்கு அதில்தான் எரிச்சல்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலும் ஆடியில் விதைக்கலாமா அண்ணா?

மழையை நம்பிய நெல் என்றால் வேண்டாம். உங்களுக்குக் காலபோகம், அதாவது வடகிழக்கு மழையை நம்பிய நெல் பருவம், இருக்கிறதே, ஆவணி புரட்டாசிதான் விதைப்பு. கிணற்றுத் தண்ணீர் இருந்தால் தோட்டக் காய்கறி போடலாம்.

கேள்வி: ஆடியில் கல்யாணம் வைக்காததும் இதனால்தானா?

கையிலிருக்கிற காசும் ஆளும் வயலுக்குப் போய்விடும் என்பார்கள். நம்பும்படிதான் இருக்கிறது, ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சென்னையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். ஆடியைத் தவறவிட்டேன், இனி அவரை போடலாமா?

செடி அவரை விதை வாங்குங்கள், அது பகல் நீளத்தைப் பார்க்காது, எந்த மாதமும் பூக்கும். கொடி அவரை என்றால் ஆவணிக்குள் போட்டுவிடுங்கள், அப்புறம் போட்டால் கொடி படர்வதற்குள் பூ வந்துவிடும், நாலு காய்தான் மிஞ்சும். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.