நாட்டுக்கு மார்க் கூடினால் கம்பெனிப் பத்திரம் வாங்கலாமா?

கேள்வி: கடன் வாங்குகிறவர் ஒழுங்காகத் திருப்பித் தருவாரா என்று மார்க் போடும் எஸ் அண்ட் பி நிறுவனம், 2025 ஆகஸ்டில் இந்தியாவின் கடன் தரத்தை உயர்த்தியது. அரசு ஒழுங்காகச் செலவழிப்பதால்தான் என்கிறார்கள். அதைக் காட்டி, 12 சதவீத வட்டி தரும் தனியார் கம்பெனிக் கடன் பத்திரத்தில் என் ஓய்வூதியப் பணத்தைப் போடச் சொல்கிறார் ஓர் ஏஜென்ட். போடலாமா?

பதில்: போடாதீர்கள். நாட்டின் தரத்தைக் காட்டி அந்தக் கம்பெனியை நம்பச் சொல்வது ஏமாற்று.

18 ஆண்டுகளாக ‘பிபிபி மைனஸ்’ படியில் நின்ற இந்தியா ஒரு படி ஏறி ‘பிபிபி’ ஆனது. அரசின் செலவு மேம்பட்டது அதன் காரணங்களில் ஒன்று. கடன் வாங்கிக் கிணறு வெட்டினவரையும் கடன் வாங்கிக் காதுகுத்து விருந்து வைத்தவரையும் வட்டிக்கடைக்காரர் ஒன்றாகப் பார்ப்பாரா? 2025-26 பட்ஜெட்டில் சாலை, ரயில் போன்ற மூலதனச் செலவுக்கு மத்திய அரசு ஒதுக்கியது 11.21 லட்சம் கோடி ரூபாய். வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி. மொத்தச் செலவில் கால்வாசி. முந்தைய ஆண்டில் மூலதனத்துக்கு 11.11 லட்சம் கோடி என்று அறிவித்துவிட்டு, திருத்த மதிப்பீட்டில் 10.18 ஆகக் குறைத்தார்கள். அறிவிக்கும்போது மேசை தட்டுகிறவர்கள் குறைக்கும்போது எங்கே போகிறார்களோ!

செலவு பாழானால் நாடு உடனே திவாலாகிவிடும் என்றும் பயப்படாதீர்கள். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். மத்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாய்க் கடன். உள்ளூர் வங்கிகளிடமும் எல்ஐசி போன்றவர்களிடமும் வாங்கியது. அதை அடைக்க டாலர் தேடி அலைய வேண்டாம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபோது அதன் கையில் இல்லாமல் போனது டாலர்தான். ரூபாய்க் கடனுக்கு அந்த நெருக்கடி வராது. எல்லை மீறினால் விலைவாசியாக நம் தலையில் இறங்கும்.

உங்கள் ஏஜென்ட்டுக்கு வருவோம். கம்பெனிக்கு மிக உயர்ந்த தரமான ‘ஏஏஏ’ கிடைத்திருக்கிறது என்று அச்சடித்த தாளை நீட்டுவார். அது இந்தியாவுக்குள் இருப்பவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிடும் உள்நாட்டு அளவுகோல். நாட்டுக்குப் போட்ட மார்க்குடன் அதை ஒப்பிட முடியாது. கட்டணம் கொடுத்து அந்தத் தரத்தை வாங்குவதும் பெரும்பாலும் கடன் வாங்கும் கம்பெனியேதான். பரீட்சை எழுதுகிற பையனே வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு! சாலை போன்ற திட்டங்களுக்குப் பணம் புரட்டித் தந்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற கம்பெனி 2018இல் தவணை தவறியது. சில வாரங்களுக்கு முன்புவரை அதுவும் ‘ஏஏஏ’தான்.

அரசுப் பத்திரம் வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கியின் ‘ரீடைல் டைரக்ட்’ கணக்கை நீங்களே கட்டணமின்றித் திறக்கலாம். 2021 நவம்பரிலிருந்து இருக்கிறது. ஏஜென்ட்டுக்குக் கமிஷன் இல்லாததால் உங்கள் காதுக்கு வரவில்லை. முதிர்வுக்கு முன் விற்றால் விலை ஏறியிறங்கும். மருத்துவச் செலவுக்கு வைத்திருக்கும் பணத்தை இதில்கூடப் போடாதீர்கள்.