குழந்தைகளின் ஆஸ்துமா: மூச்சுக்குழாயின் உள்படலம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்துமா என்றால் மூச்சுக்குழாய் சுருங்குவதுதானே டாக்டர்? உள்படலச் செல்களுக்கு இதில் என்ன வேலை?

பதில்: சுருங்குவது குழாயைச் சுற்றியுள்ள தசை. அதற்கு உள்ளே, காற்று படும் பக்கத்தில் இந்தச் செல்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. சில செல்கள் சளியைச் சுரக்கும். நுண்ணிய மயிரிழைகள் உள்ள செல்கள், தூசி ஒட்டிய சளியைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆஸ்துமாவில் இந்தப் பிணைப்பு தளர்ந்துபோகிறது, சளிச் செல்களும் பெருகிவிடுகின்றன.

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது. சாதாரண ஜலதோஷம்தான் பிடிக்கும், மறுநாளே வீசிங். ஏன் இப்படி?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோவைரஸ் பெருகுவதே இந்தச் செல்களுக்குள்தான். அதில் 'சி' வகை குழந்தைகளை அதிகம் படுத்தும். 2014ல் டென்மார்க்கில், அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்த ஆஸ்துமாக் குழந்தைகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, சிடிஎச்ஆர்3 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் தென்பட்டது. அது உருவாக்கும் புரதத்தின் வேலை அப்போது சரியாகத் தெரியாது. மறு வருடமே விடை கிடைத்தது: 'சி' வகை வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது அந்தப் புரதத்தைத்தான். அது இருப்பதோ மயிரிழைச் செல்களின் மேல்! எனக்கு இன்றும் வியப்பூட்டும் கண்டுபிடிப்பு இது.

வைரஸ் தாக்கிய செல் சும்மா இருப்பதில்லை. டிஎஸ்எல்பி போன்ற அபாய அறிவிப்புப் புரதங்களை வெளிவிடும். அதைக் கேட்டு ஈசினோபில் முதலான வெள்ளை அணுக்கள் வந்து குவியும். வீக்கம், சளி, இளைப்பு எல்லாம் அதன் பிறகுதான்.

கேள்வி: இருமல் நின்றதும் ஸ்டீராய்டு இன்ஹேலரை நிறுத்திவிட்டோம். தப்பா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். இளைப்பு வரும்போது இழுக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். உள்படலத்தின் அழற்சியைத் தணிப்பது ஸ்டீராய்டு பஃப். இருமல் இல்லாத நாளிலும் அழற்சி இருக்கலாம். அளவைக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) கட்டாயம், இல்லாவிட்டால் மருந்து வாயிலேயே தங்கிவிடும்.

கேள்வி: வீட்டில் யாருக்கும் சிகரெட் பழக்கமில்லை. கொசுவர்த்தி ஏற்றலாமா?

பதில்: வேண்டாம் ஐயா, அதுவும் புகைதான். கொசுவலை கட்டுங்கள். மெத்தைத் தூசியில் வாழும் உண்ணிகளின் கழிவிலுள்ள நொதி, செல்களின் பிணைப்பையே அறுக்கும். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்பியைத் தடுக்க ஊசி வந்துவிட்டதாமே?

பதில்: ஆமாம், டெசெபெலுமாப். அமெரிக்காவில் 2021 டிசம்பரில் அனுமதித்தார்கள், 12 வயதுக்கு மேல், கடுமையான ஆஸ்துமாவுக்கு மட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு இப்போதைக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.