கான்டா கோழிச்சட்டி விருந்துக்குப் போகும் தம்பிக்கு

அடுத்த மாதம் தோக்கியோ வருகிறேன், வாடகை எவ்வளவு, மளிகை எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில், "முதல் வாரமே கான்டாவில் 'போத்தன்' என்ற பழைய கோழிச்சட்டிக் கடையில் விருந்தாம், பச்சை முட்டை தொட்டுச் சாப்பிட வேண்டுமாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையைக் கம்பெனியில் விசாரியுங்கள். மளிகைக்கு இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பகுதிக்குப் போனால் நம்மவர்களே வழி காட்டுவார்கள். விருந்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1897 வாக்கில் தொடங்கிய கடை அது. கான்டாவில் அது இருக்கும் சுடாச்சோ பக்கம் 1945 குண்டுவீச்சில் எரியாமல் தப்பியதால் பழைய மரவீடு அப்படியே நிற்கிறது. பெயர் பூவைக் குறிப்பதல்ல, சட்டைப் பொத்தான்தான். நம் பொத்தானும் அவர்களுடைய போத்தனும் ஒரே போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை.

அங்கே கோழி சுகியாக்கி ஒன்றுதான். பாய் விரித்த அறையில் கரி அடுப்பைக் கொண்டுவந்து வைத்து, மேலே இரும்புச் சட்டியை ஏற்றுவார்கள். கறி, ஈரல், வெங்காயத்தாள், டோஃபு எல்லாம் சோயாவும் சர்க்கரையும் கலந்த சாற்றில் வேகும். முட்டைக்குப் பயப்படாதீர்கள். இங்கே பச்சையாகச் சாப்பிடுவதற்கென்றே தேதி போட்டு விற்கிறார்கள். கொதிக்கும் கறியை அதில் முக்கினால் சூடும் தணியும், இனிப்பும் அடங்கும். ஒன்று, சாற்றில் மிரின் என்ற அரிசி மது சேர்வது வழக்கம். மது கூடாது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எத்தனை பேர் என்று சொன்னீர்களோ அத்தனை பேரும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வந்த புதிதில் வேறொரு பழைய கடையில் ஆறு பேருக்கு இடம் பிடித்துவிட்டு நான்கு பேராய்ப் போனோம். ஆறு தட்டில் கோழி வெட்டி அடுக்கித் தயாராக இருந்தது. பரிமாற வந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, இரண்டு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் என் மேலாளர் தானே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். நம்மூர்க் கல்யாணப் பந்தியில் நூறு பேர் கூடினாலும் குறைந்தாலும் சமாளிப்பார்கள். இங்கே அப்படியில்லை.

பத்து வருடம் இருந்தும் பையில் மிளகாய்ப்பொடி கொண்டுபோய்த் தூவுகிற நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சம்மணம் போட்டு உட்கார நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுவே பாதி மரியாதை. ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், வயிற்றில் கொஞ்சம் இடம் வையுங்கள். கடைசியில் சட்டியில் மிஞ்சிய சாற்றையும் முட்டையையும் சோற்றில் போட்டுத் தருவார்கள். என் முதல் குளிர்காலத்தில், வெளியே மழையும் காற்றுமாக இருந்த ஒரு ராத்திரி, அதே மேலாளர் தன் கிண்ணத்துச் சோற்றில் பாதியை என் கிண்ணத்தில் தள்ளிவிட்டுச் சாப்பிடச் சொன்னார். ஊரைவிட்டு வந்த பிறகு சோறு போதும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.