அடைமழை, சுக்கு காபி, சுரபுன்னைக் காடு: கடலூர் பக்கத்துக் கேள்வி பதில்

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடித்தனம் வந்து முப்பது வருடம் ஆகிறது. ஐப்பசி தொடங்கி தை வரைக்குமான நாலு மாதம் மாதிரி வாய்க்கு ருசியான காலம் வேறு கிடையாது என்பது என் கட்சி. மழை என்றால் பஜ்ஜி, அதோடு சரி என்று நாம் முடித்துக்கொள்வதில் எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். அதனால்தான் "சமையலோ, ஊர் சுற்றலோ, எதுவானாலும் கேளுங்கள்" என்றேன். குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அக்கா, நான் போடும் சுக்கு காபி ஒருநாள் தொண்டையை எரிக்கிறது, மறுநாள் சப்பென்று இருக்கிறது. அளவு சொல்லுங்களேன்.

சுக்கு காபி என்று பேரே தவிர அதில் முக்கால்வாசி வேலை கொத்தமல்லி விதையுடையது தங்கச்சி. 100 கிராம் மல்லிக்கு 50 கிராம் சுக்கு, ஒரு மேசைக்கரண்டி மிளகு, நாலைந்து ஏலக்காய். சுக்குக்குப் புறநஞ்சு என்று பெரியவர்கள் சொல்வார்கள், அதனால் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிவிட்டு, அம்மியில் வைத்து இரண்டு தட்டு தட்டி உடைத்த பிறகே மிக்ஸியில் போடுங்கள், முழுசாகப் போட்டால் பிளேடு போய்விடும். மல்லியையும் மிளகையும் வாசம் வரும்வரை மட்டும் வெறும் சட்டியில் புரட்டினால் போதும், சிவக்க வேண்டாம். இரண்டு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி பொடி, ஒன்றரை டம்ளராகச் சுண்டட்டும். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேர்த்தால் அடியில் மண் நெறநெறக்காது. பால் ஊற்றாதீர்கள், கருப்பட்டியோடு கொதிக்கும்போது திரிந்துபோகிறது. இரண்டு துளசி இலை வேண்டுமானால் இறக்கும்போது போடலாம்.

விருத்தாசலத்திலிருந்து: மழை நாளில் இட்லி மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது.

குளிர்தான் காரணம். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் கூட ஊறட்டும், அரைத்த மாவைக் கையாலேயே கலக்குங்கள், மூடி வைத்த பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் அகலமான அண்டாவுக்குள் இறக்கி வையுங்கள். பத்து மணி நேரத்துக்குப் பதில் பதினான்கு மணி நேரம் ஆகலாம், பொறுங்கள். அப்படியும் பொங்காத மாவில் வெங்காயம், மிளகு தட்டிப்போட்டு ஊத்தப்பம் ஊற்றிவிடுங்கள்.

பாரிஸிலிருந்து, பூர்வீகம் புதுச்சேரி: இங்கே அக்டோபரில் இலையெல்லாம் உதிர்ந்து கடைகளில் பரங்கிக்காயாகக் குவிகிறது. பிள்ளைகளுக்கு நம் ஊர் ருசியில் என்ன செய்துதரலாம்? ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பக்கம் நடக்கப் போகிறோம், செஸ்ட்நட் பொறுக்கலாமா?

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அங்கே சின்னதாக, ஆரஞ்சு நிறத்தில் போத்திமரோன் என்று ஒரு பரங்கி விற்பார்களே, அதை வாங்குங்கள், தோல் சீவ வேண்டிய வேலை இல்லை, தோலோடு வெந்துவிடும். பெரிய துண்டாக நறுக்கிப் புளிக்குழம்பு வையுங்கள். தாளிக்க குழம்பு வடகம் வேண்டும், ஊரிலிருந்து கொண்டுபோனது தீர்ந்திருந்தால் அங்கேயே மசாலாக் கடைகளில் வதூவான் என்று கேளுங்கள். நம்ம வடகம்தான் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் போய் அந்தப் பெயரில் பிரெஞ்சு சமையலில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது உருண்டையாக இல்லாமல் பொடியாகவோ தூளாகவோ இருக்கும், எண்ணெய் அதிகம் காய்ந்தால் நொடியில் கருகிவிடும், அதனால் அடுப்பைக் குறைத்துப் போடுங்கள்.

செஸ்ட்நட் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. சாலையோரத்திலும் பூங்காவிலும் உதிர்ந்து கிடப்பது பெரும்பாலும் குதிரைச் செஸ்ட்நட், அது நஞ்சு, சாப்பிடவே கூடாது. அதன் கூட்டில் முள் தடிப்பாக, தள்ளித்தள்ளி இருக்கும், கொட்டை உருண்டையாக வழவழவென்று இருக்கும். சாப்பிடுகிற செஸ்ட்நட்டின் கூடு முள்ளம்பன்றி மாதிரி மெல்லிய முள்ளால் அடர்ந்திருக்கும், கொட்டையின் நுனியில் சின்னக் குஞ்சம் போலக் கூர்மை இருக்கும். துளி சந்தேகம் வந்தாலும் கடையில் வாங்கியதையே சுடுங்கள். சுடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். நம் ஊர்ப் பலாக்கொட்டை சுட்ட மாதிரியே இருக்கும், பிள்ளைகளிடம் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

பண்ருட்டியிலிருந்து: வெயிலில் போட்ட வடகம் மழைக்கு நமுத்துவிட்டது, தூக்கிப் போடவா?

பூஞ்சை பிடித்திருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். வெறும் ஈரம்தான் என்றால் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, உருண்டைகளை அதில் பரப்பி வையுங்கள், இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் மொறுமொறுவென்று ஆகும். அப்புறம் கண்ணாடி ஜாடி, காய்ந்த கரண்டி.

வடகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. சின்ன வெங்காயம், பூண்டு, உடைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டுப் பிசைந்து, பகலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி பிசைந்து உருட்டி, இப்படிப் பத்து பதினைந்து நாள் சித்திரை வெயிலை உள்ளே அடைக்கிறோம். கார்த்திகையில் வெளியே மழை கொட்டும்போது நல்லெண்ணெயில் அரை உருண்டையை உதிர்த்துப் போடுங்கள். முதலில் கடுகு படபடக்கும், அப்புறம் உளுந்து பொன்னிறமாகும், வெங்காயம் ஓரத்தில் கருத்துச் சுருளும்போது ஒரு வாசம் எழும் பாருங்கள், அந்த நொடியில் குழம்பில் கொட்டிச் சட்டென்று மூடிவிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் "இன்றைக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிடுவார்கள். மிளகுக் குழம்பு, கீரைக் கடைசல், மீன் குழம்பு எதற்கும் பொருந்தும்.

திண்டிவனத்திலிருந்து: மழைக்காலத்தில் மீன் வாங்கலாமா அம்மா?

தாராளமாக, ஆனால் படகு போன நாளில். புயல் எச்சரிக்கை கொடுத்து இரண்டு மூன்று நாள் கடலுக்குப் போகாமல் இருக்கும்போது சந்தையில் இருப்பது பழைய ஐஸ் மீன்தான். முதுநகர் துறைமுகத்தில் காலையில் போய் நின்றால் உங்களுக்கே தெரியும். செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் துருத்திக்கொண்டு தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. மீன் வராத நாளுக்குத்தான் கருவாடும், சென்னாக்குன்னி என்கிற காய்ந்த பொடி இறாலும் இருக்கின்றன. சென்னாக்குன்னியை மண் போகப் புடைத்து, வறுத்து, தேங்காய், காய்ந்த மிளகாய், பூண்டோடு இடித்து வைத்துக்கொண்டால் கஞ்சிக்கு அதைவிட வேறு வேண்டாம். சளி பிடித்தவர்களுக்கு நண்டு ரசம், ஓட்டோடு நசுக்கிப் போடுங்கள், மிளகைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து: புயல் நாளில் கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் ஓட்ட என்ன செய்துவைக்கலாம்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது, பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை மறக்க முடியாது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சலில் உங்கள் ஊரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பக்கம் வந்தது. அதனால் நான் எச்சரிக்கை வந்ததுமே புளிக்காய்ச்சல் கிளறிவிடுவேன். நல்லெண்ணெய் மேலே நிற்கும் அளவு ஊற்றி, சுண்டக் காய்ச்சினால் ஃபிரிட்ஜ் இல்லாமலே ஒரு வாரம் தாங்கும். பருப்புப் பொடி, அவல், எலுமிச்சை ஊறுகாய், சுட்ட அப்பளம். ஃபிரிட்ஜில் இருக்கும் மாவையும் மீனையும் முதல் நாளே காலி செய்துவிடுங்கள். தேங்காய் அரைத்த எதையும் மறுநாளைக்கு வைக்காதீர்கள். முக்கியமாக, கரண்ட் போவதற்கு முன்பே மிளகு, சீரகம், இட்லிப்பொடி எல்லாவற்றையும் அரைத்துக்கொண்டு தண்ணீரையும் பிடித்து வைத்துவிடுங்கள்.

சிதம்பரத்துக்கு உறவினரைப் பார்க்கப் போகிறவர்: பிச்சாவரம் மழைக்காலத்தில் போகலாமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மழை விட்டு வெளுத்த இரண்டாம் நாள் போங்கள், அதுதான் என் கணக்கு. புயல் எச்சரிக்கை இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், போய் ஏமாறாதீர்கள். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு எடுங்கள், அதுதான் குறுகலான வாய்க்காலுக்குள் நுழையும். இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் தண்ணீரில் கால் ஊன்றி நிற்க, கிளைகள் தலைக்கு மேலே கூரை போட்டிருக்கும், துடுப்புச் சத்தம் தவிர ஒன்றும் கேட்காது. குனிந்து வேரைப் பாருங்கள், சேற்று நண்டு ஒன்று வெளியே வந்து உங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போகும். காலை வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அந்தக் காட்டில் தில்லை மரமும் உண்டு, சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அதனால்தான். அதன் பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளை இலையைக் கிள்ள விடாதீர்கள்.

திரும்பும்போது சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிடாமல் வராதீர்கள், நடராசர் கோயில் பிரசாதமாக இருந்து ஊருக்கே அடையாளமான ஜோடி அது. வீட்டில் செய்வதானால் மல்லியும் காய்ந்த மிளகாயும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்து, நல்லெண்ணெயில் வதக்கிப் புளியில் வெந்த கத்தரிக்காயை மசித்து அதில் சேர்த்துவிட்டால் ஆயிற்று.

வில்லியனூரிலிருந்து: பறவை பார்க்க எங்கே?

உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஊசுடு ஏரி இருக்கிறதே! மார்கழி, தை மாத விடியற்காலை, தொலைநோக்கி ஒன்று, பிளாஸ்கில் மேலே சொன்ன சுக்கு காபி. ஒருநாள் முழுக்க இருந்தால் மரக்காணம் பக்கம் கழுவேலி சதுப்புநிலத்துக்குப் போங்கள், உப்பளங்களையும் பார்த்துவிட்டு வரலாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: விவிக்கம், அதான் நம் புதுச்சேரி கிறிஸ்துமஸ் கேக், வீட்டில் செய்ய ஆசை. ரம் சேர்க்காமல் வருமா?

வரும். மைதாவுக்குப் பதில் ரவையும், முட்டையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்வதுமே விவிக்கத்தின் தனித்தன்மை. ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாற்றைச் சூடாக்கி அதில் திராட்சையை ஊறவிடுங்கள், ஆனால் ரம்மில் வாரக்கணக்கில் ஊறுவது போல இது தாங்காது, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி போதும். மஞ்சள் கருவைத் தனியாகவும் வெள்ளைக் கருவைத் தனியாகவும் அடிப்பதில் சோம்பல் படக் கூடாது. முந்திரிக்குப் பண்ருட்டி இருக்கிறது, உடைத்த பருப்பே போதும், விலையும் குறைவு.

குறிஞ்சிப்பாடியிலிருந்து: கார்த்திகைப் பொரி உருண்டை பிடிக்கும்போதே உதிர்கிறது.

பாகு பத்தவில்லை. வெல்லப்பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும், அதற்கு முன்னால் இறக்கினால் உதிரும். கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு பிடியுங்கள்.

அன்றைக்குப் பிள்ளைகளுக்கு மாவலி சுற்றக் காட்டுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஆண் பனையின் பூவைக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்குள் வைத்துக் கட்டி, நெருப்பு வைத்துச் சுற்றினால் பொறி பூவாகக் கொட்டும். திறந்த வெளியில், பருத்தித் துணி உடுத்தி, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து: சில்வர் பீச்சுக்கு இந்த மாதத்தில் போகலாமா?

பார்க்கப் போகலாம், குளிக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை நேரத்துக் கடல் கரையிலேயே இழுக்கும். அலைக்குப் பக்கத்தில் நடக்கத்தான் ஆசை என்றால் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குப் போங்கள், சாயங்காலம் 6 மணிக்கு மேல் வண்டி கிடையாது, கருங்கல்லில் அலை மோதித் தெறிக்கும், கையில் சூடாகச் சுண்டல்.

நெய்வேலியிலிருந்து: தை பிறந்ததும் பொங்கல் விடுமுறையில் என்ன விசேஷம் அக்கா? நாங்கள் ஊருக்குப் புதுசு.

புதுசா? அப்படியென்றால் தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குக் கட்டாயம் வாருங்கள். தென்பெண்ணைக் கரையில் சுற்றுப்பட்டுக் கோயில் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து இறங்கும், மணலில் ஜனம் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும். புளிக்காய்ச்சல் மீதி இருந்தால் அதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வரும்போது சுருளிக்கிழங்கு வாங்குங்கள், வருடத்தில் அந்தச் சமயத்தில்தான் கண்ணில் படும், மண்ணைக் கழுவி உப்புப் போட்டு வேகவைத்தாலே போதும். பனங்கிழங்கும் கட்டுக்கட்டாக இருக்கும், மஞ்சளும் உப்பும் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில் விட்டு, தோலுரித்து, நடுவிலிருக்கும் நரம்பை எடுத்துவிட்டு, பச்சை மிளகாய், பூண்டோடு உரலில் இடித்துப் பாருங்கள். மத்தியானத்துக்குள் நல்ல கட்டெல்லாம் போய்விடும், அதனால் வந்ததும் முதலில் கிழங்கு, அப்புறம் சாமி கும்பிடுங்கள்.