எஸ் மரபணு மட்டும் நெகட்டிவ் என்றால் கிட் பழுதா?

வணக்கம். கொரோனா பிசிஆரில் மற்ற இரண்டு மரபணுக்களும் பாசிட்டிவ், எஸ் (ஸ்பைக் புரதத்துக்கான மரபணு) மட்டும் நெகட்டிவ், கிட் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அந்த இரண்டின் சிடி மதிப்பை, அதாவது எத்தனையாவது பிசிஆர் சுழற்சியில் அவை தென்பட்டன என்ற எண்ணைப் பாருங்கள். 35-ஐ ஒட்டி இருந்தால் மாதிரியில் வைரஸே குறைவு. அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 30-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் வைரஸில்தான் மாற்றம். ஸ்பைக் புரதத்தின் 69, 70-ஆம் அமினோ அமிலங்கள் விடுபட்டிருந்தால் சில கிட்களில் எஸ் மரபணுவைக் கண்டறியும் புரோப் (சிறு டிஎன்ஏ துண்டு) அங்கே ஒட்டாது. 2020 இறுதியில் ஆல்பா திரிபு பரவுவதைச் சட்டென்று கண்காணிக்க உதவியதே இந்த விடுபடல்தான்.

ஆனாலும் இது தடயம் மட்டுமே. ஒமிக்ரான் திரிபிலேயே பிஏ.1 என்ற உட்பிரிவில் இது உண்டு, பிஏ.2 உட்பிரிவில் பெரும்பாலும் இல்லை. திரிபின் பெயரை ரிப்போர்ட்டில் எழுத முழு மரபணு வரிசையாக்கம் வேண்டும். அப்புறம், அதற்காக மீதி ஆர்என்ஏவை மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்; திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைக்காதீர்கள்.