கோபெக்லி தெப்பேயின் 43ஆம் தூண் பழங்கால விண்மீன் வரைபடமா?

துருக்கியிலுள்ள கற்காலத் தொல்லியல் தளமான கோபெக்லி தெப்பேயில் 43ஆம் தூணில் செதுக்கப்பட்டுள்ள கழுகும் தேளும் விண்மீன் கூட்டங்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அது நிறுவப்படவில்லை என்பதே என் பதில்.

2017இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் சுவெட்மனும் டிமிட்ரியோஸ் சிக்ரிட்சிசும், பிணந்தின்னிக் கழுகைத் தனுசாகவும், அதன் சிறகுக்கு மேலுள்ள வட்டத்தைச் சூரியனாகவும், தேளை விருச்சிகமாகவும் கொண்டு, அத்தூண் கி.மு. 10,950ஐ ஒட்டிய வால்மீன் மோதலின் நினைவு என வாதிட்டனர். புவியச்சு ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தள்ளாடிச் சுற்றுவதால், விண்மீன்களுக்கிடையே சூரியன் தோன்றும் இடம் காலப்போக்கில் மாறுகிறது; ஆகவே கணினியில் பழைய வானத்தை மீட்டுக் காலத்தைக் கணிப்பது ஏற்கத்தக்க முறைதான். சிக்கல், எந்த விலங்கு எந்த விண்மீன் கூட்டம் என்று முடிவு செய்யும் முதற்படியிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் ஜூலை மாத முன்னிரவில் தெற்கே நோக்கினால் விருச்சிகம் நமக்குத் தேளாகவே தோன்றும். ஆனால் அப்பெயரைத் தரும் மெசப்பொத்தேமியப் பதிவுகள் அத்தூணுக்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியவை. தேள், பாம்பு, நரி, காட்டுப்பன்றி எல்லாம் அந்நிலத்தில் வாழ்ந்த உயிர்களே. அவற்றைச் செதுக்க வானம் தேவையில்லை.

இத்தகைய தூண்கள் நிற்கும் கட்டடங்களுக்குக் கூரை இருந்திருக்கலாம், அப்படியானால் உள்ளிருந்து வானம் தெரிந்திருக்காது என அகழாய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். எனக்கு இன்னும் வலுவாகப் படும் மறுப்பு காலக்கணிப்புதான்: அத்தூண் நிற்கும் கட்டடத்தின் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 9500ஐ ஒட்டியது, அதாவது சொல்லப்படும் மோதலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது.